முழி மாஸ்ரரும் ஏழாம் நம்பர் திரையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காமல், துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு வருடம் வேலை பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் முழி மாஸ்ரர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய அடையாள அட்டைக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். நான் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். அந்த மனிதரில் எனக்கிருந்த எரிச்சல் இன்னும் முழுசாக ஆறவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். நான் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் வேலை. எங்களுக்கு இரண்டு கந்தோர்கள். ஒன்று துறைமுக வாசலுக்கு உள்ளே, இறங்குதுறைக்குப் பக்கத்தில். மற்றது வாசலுக்கு வெளியே, உப்புக்காற்றில் சாயம் கழன்ற ஒரு பழைய கட்டடத்தில். உள் கந்தோரில் ஏசி போட்ட அறை ஒன்று, அந்த அறைக்குள் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய கொம்பியூட்டர் ஒன்று. அந்த மெஷினில் மட்டும் ஓடும் ஒரு புரோகிராம் கப்பலின் வயிற்றைப் படமாகக் காட்டும். எந்த அறையில் மா, எந்த அறையில் சீனி, எதை முதலில் இறக்கினால் கப்பல் சரியாது என்று கலர் கலராய்ப் பெட்டி போட்டுத் தரும். அந்தப் படம் கைக்கு வராமல் வெளிக் கந்தோரில் ஒருவரும் லொறிக்குச் சொல்ல ஏலாது.

உள்ளே போக பாஸ் வேண்டும். வெளிக் கந்தோருக்கு ஒரே ஒரு பாஸ்தான் கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்று என்னுடையது.

பிளாஸ்டிக் உறை, சிவப்புக் கோடு, நாடியை உயர்த்திக்கொண்டு நான் எடுத்த படம். அதன் அருமை உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால், நீங்கள் அந்தக் காலத்தில் சாம்பல்தீவிலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் வந்திருக்க வேண்டும். வழியில் ஐந்து சென்றி, ஆமியின் சோதனைச் சாவடிகள். மற்றவர்கள் இறங்கி, சைக்கிளை உருட்டி, பையைக் கொட்டி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கையில் நான் அட்டையைக் காட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போவேன். இருபத்தெட்டு வயதுத் தமிழ் ஆம்பிளை ஒருவன் பின்னேரம் வீடு திரும்புவானா இல்லையா என்பது அப்போது அப்படியான ஒரு அட்டையில்தான் இருந்தது. வீட்டில் அம்மா அதை வாங்கிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைப்பா.

கந்தோரிலும் அதனால்தான் எனக்கு மரியாதை. பத்து மணிக்கு உள்ளே போவேன், படத்தை எடுப்பேன், சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வெளியே வருவேன். எல்லோரும் வாசலைப் பார்த்தபடி இருப்பார்கள். கிண்ணியாவிலிருந்து படகேறி வரும் ரைப்பிஸ்ட் பரீதா, ரைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "இண்டைக்கு எந்தக் கப்பல் அண்ணன்?" என்று கேட்பா. நான் உடனே சொல்ல மாட்டேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பேன், ஆறுதலாக. அவ்வளவு பேரும் நான் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார்கள். எனக்கிருந்த ராச்சியம் அதுதான்.

அந்த ராச்சியத்துக்குள் வந்து சேர்ந்தார் மாஸ்ரர். திரியாய் ஆள். சண்டையில் ஊரை விட்டு வந்து உப்புவெளியில் தமக்கை வீட்டில் இருந்தார். நாற்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. முன்பு ரியூசனில் கணக்குப் படிப்பித்தவர், பிறகு தானாகவே கொம்பியூட்டர் படித்தவர். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள அவரை எடுத்தார்கள். மெஷின் உள்ளே, அவர் வெளியே. பாஸுக்கு எழுதினார். அடையாள அட்டையில் திரியாய் விலாசத்தைக் கண்டதும் இல்லை என்று வந்தது. ஐந்து முறை எழுதினார், ஐந்து முறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் "பாவம் மாஸ்ரர்" என்று வாயால் சொன்னேன். மனதுக்குள் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆறாவது முறை அவர் எழுதவில்லை. இரண்டு கந்தோருக்கும் நடுவில் பழைய ரெலிபோன் லைன் ஒன்று கிடந்தது. சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டதா என்று கேட்பதற்கு மட்டும் பாவித்த லைன். அதைத் தனக்குத் தரச்சொல்லி மனேஜரிடம் கேட்டார். கொழும்பிலிருந்து வந்த மனேஜர் வாசல் அதிகாரிக்குக் கடிதம் எழுதி அனுமதியும் எடுத்துக் கொடுத்துவிட்டார். லைனின் இரண்டு முனையிலும் கீச்சுக் கீச்சென்று கத்தும் ஒரு பெட்டி. உள் முனைப் பெட்டியை யார் கொண்டுபோய்ப் பூட்டுவது? பாஸ் உள்ளவன்தானே. மாஸ்ரர் கடுதாசியில் கீறித் தந்தபடி என் இரண்டு கையாலும் பூட்டிவிட்டு வந்தேன். எனக்கு நானே குழி வெட்டுகிறேன் என்று அப்போது தெரியாது.

அடுத்த நாள் வெளிக் கந்தோரின் ஓட்டைக் கொம்பியூட்டருக்கு முன்னால் எல்லோரும் கூடி நின்றோம். மாஸ்ரர் எதையோ தட்டினார். கனக்க நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொரு வட்டம். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு. அவர் மவுஸை இடப்பக்கம் நகர்த்த இரண்டு கண்ணும் இடப்பக்கம் பார்த்தன. வலப்பக்கம் நகர்த்த வலப்பக்கம் பார்த்தன.

"அல்லாவே, முழிக்குது" என்றா பரீதா. அந்த நிமிஷத்திலிருந்து அவர் முழி மாஸ்ரர்.

கண்ணுக்குப் பின்னால் கப்பல் வந்தது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது. மாஸ்ரர் கற்கண்டைக் கடித்துக்கொண்டு ஒரு பிளேன்ரீ குடித்து முடித்தார். மா அறை வந்தது. இரண்டாவது பிளேன்ரீக்குச் சீனி அறை வந்தது. நான் விடவில்லை. எங்கேயோ பதிந்து வைத்த படத்தை எடுத்துக் காட்டுகிறார் என்றேன்.

"இல்லைத் தம்பி," என்றார், கோபமே இல்லாமல். "வேலை செய்யிறது உள்ளுக்கு இருக்கிற மெஷின்தான். முகம் மட்டும் இஞ்சை வந்திருக்கு. நான் இஞ்சை தட்டினால் அங்கை கேக்கும்."

கேட்டதுதான் வினை. அன்றிலிருந்து அந்த மனிதர் தான் துறைமுகத்துக்கு உள்ளே இருப்பதாகவே நடக்கத் தொடங்கினார். காலையில் வந்ததும் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துத் திரைக்கு நேரே ஒரு கணம் பிடிப்பார், பிறகு கீபோட்டில் வைப்பார். ஏனென்று கேட்டால், "உள்ளுக்குப் போறனெல்லே" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கதிரையில் இருப்பார், ஏனென்றால் ஏசி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று உள்ளே எழுதிப் போட்டிருக்கிறது என நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். துறைமுகப் பக்கம் மின்னல் வெட்டினால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து அந்தக் கம்பளித் தொப்பி. எங்கள் கந்தோரில் ஒரு ஃபான் இருந்தது, அது சுற்றியதை நான் கண்டதில்லை. சட்டை முதுகில் ஒட்டும் வெயிலில் அந்த மனிதர் காது வரைக்கும் தொப்பியை இழுத்துவிட்டு இருப்பார்.

"என்ன மாஸ்ரர், இந்த வெக்கையிலையும்?"

"நான் உள்ளுக்கெல்லே நிக்கிறன் தம்பி. அங்கை ஏசி."

விசர் என்று நினைத்தேன். சோதித்துப் பார்ப்போம் என்று ஒருநாள் உள்ளே போனபோது ஏசியின் குமிழைக் கடைசி மட்டும் திருக்கிவிட்டு வந்தேன். அடுத்த நாள் மாஸ்ரர் தடிமன் பிடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். இதை நான் யாரிடம் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் உண்மை.

ஒரு மாதத்துக்குள் என் கதை முடிந்தது. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வருவேன். ஒருவரும் வாசலைப் பார்க்க மாட்டார்கள். எல்லாத் தலையும் மாஸ்ரரின் கதிரைக்குப் பின்னால்.

"அது வந்திட்டுது அண்ணன்," என்பா பரீதா, திரும்பிக்கூடப் பாராமல். "மாஸ்ரர் காலமையே எடுத்துத் தந்திட்டார்."

நான் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். ஆறுதலாகத்தான் குடித்தேன். ஒருவரும் காத்திருக்கவில்லை.

அதையும் பொறுத்திருப்பேன். பொறாமையால் யாரும் செத்ததில்லை. ஆனால் அப்படியே இரண்டு வருடம் போனபின் பாஸ் புதுப்பிக்கிற காலம் வந்தது. மனேஜர் போகிறபோக்கில் ஒரு சொல்லைச் சொன்னார். படம் இங்கேயே வருகிறதென்றால், இனி வெளிக் கந்தோருக்குப் பாஸ் எதற்கு என்று கேட்டார். அவருக்கு அது சாதாரண யோசனை. எனக்கு ஐந்து சென்றியும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அட்டை இல்லாமல் நான் அந்த ரோட்டால் எப்படிப் போவேன்? அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பா? ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு குளிர்காய, நான் ரோட்டில் நிற்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன். பெரிய மெஷினில் ஒரு வரி இருந்தது. மாஸ்ரர் திறக்கிற எதுவும் எந்தத் திரையில் தோன்ற வேண்டும் என்று சொல்லும் வரி. பெட்டி பூட்டிய நாளில் மாஸ்ரர் எழுதித் தந்தபடி அதை அடித்ததும் நான்தான். ஒவ்வொரு திரைக்கும் ஒரு நம்பர். வெளிக் கந்தோர் ஏழு. நாலாம் நம்பர் திரை உள் கந்தோரின் களஞ்சிய மூலையில் தூசி பிடித்துக் கிடப்பது எனக்குத் தெரியும். பாஸில் கையெழுத்து வைக்க வாசல் அதிகாரி எங்கள் உள் கந்தோருக்கு வருகிற நாள் அன்று, நான் வெள்ளெனவே உள்ளே போய் ஏழை நாலாக மாற்றினேன். ஒரேயொரு நாள் மாஸ்ரருக்கு ஒன்றும் வராமல் போக வேண்டும், பார்த்தீர்களா, வயரை நம்ப ஏலாது, பாஸ்காரன் வேண்டும் என்று மனேஜர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

அதற்கு முதல் நாள் பின்னேரம் மனேஜர் அந்த நாலாம் நம்பர் திரையைத் துடைப்பித்துத் தன் மேசைக்கே எடுப்பித்து வைத்தது எனக்குத் தெரியாது.

ஒன்பது மணி. உள் கந்தோரில் மனேஜர் அறை. அதிகாரி கதிரையில், என்னுடைய பாஸ் விண்ணப்பப் பாரம் மேசையில், பேனை திறந்தபடி. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மனேஜரின் திரையில் ஒரு வட்டம் வந்தது. பிறகு இன்னொரு வட்டம்.

மனேஜர் என்னவோ ஏதோவென்று மவுஸைத் தொட்டார். கண்கள் திரும்பிப் பார்த்தன. அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

வெளிக் கந்தோரில் மாஸ்ரருக்குத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. லைன் பழுதாக்கும் என்று நினைத்து அவர் இன்னொரு தரம் தட்டியிருக்கிறார். இங்கே இரண்டாவது சோடி திறந்தது. அவர் பொறுமைசாலி, கணக்குப் படிப்பித்தவர். திரும்பத் திரும்பத் தட்டினார். மூன்று, ஐந்து, எட்டு. யுத்த காலத்தில், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், ஒரு பாதுகாப்பு அதிகாரிக்கு முன்னால் பதினொரு சோடிக் கண்கள். மனேஜரின் கை நடுங்க, அவ்வளவு கண்ணும் சேர்ந்து நடுங்கின. அதிகாரி எழுந்து நின்றார். இதற்குள்ளால் யார் பார்க்கிறான் என்று கேட்டார்.

ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான்தான் நம்பரை மாற்றினேன் என்ற ஒரு வசனம். என் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படியான கேள்விக்குப் பதிலாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், அவர் எப்போது திரும்பி வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. அது தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மனேஜர்தான், அது வெளிக் கந்தோரில் மெஷின் பார்க்கிற ஆளின் வேலையாக இருக்கும் என்றார். ஜீப் போனது.

ஐந்து முறை இல்லையென்று சொன்ன வாசலால் மாஸ்ரர் ஜீப்பில் நிற்காமல் வந்தார். தலையில் கம்பளித் தொப்பி. அவரை நேரே, நாங்கள் போய் நின்ற ஏசி அறைக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார். இரண்டு பக்கமும் துவக்கோடு ஆட்கள் நிற்க, இரண்டு வருடமாகத் தான் வேலை செய்த அறையை முதல்முறையாகப் பார்த்தார். மேசையில் இருந்த மெஷினை மெல்லத் தடவினார்.

"இவ்வளவு சின்னனோ?" என்று என்னைக் கேட்டார்.

பிறகு கதிரையில் இருந்து அந்த வரியைத் திறந்து பார்த்தார். நாலு. வேறு எதையோ தட்டி இன்னும் ஒரு பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். ஒருமுறைதான். தெரிந்த சிங்களத்தில், பிழை தன்னுடையது என்றும், தானே நம்பரை மாற்றி அடித்துவிட்டதாகவும் அதிகாரியிடம் சொன்னார்.

அப்படியென்றால் கண் எதற்கு என்று அதிகாரி விடவில்லை. பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் பாரமில்லாத ஒன்றை அனுப்புவேன், கண் போய்ச் சேர்ந்தால் கப்பலும் போய்ச் சேரும் என்று மாஸ்ரர் விளக்கினார். காட்டு என்றார் அதிகாரி. பதினொரு சோடியையும் மூடிவிட்டு அந்த மெஷினின் திரையிலேயே ஒரேயொரு சோடியைத் திறந்தார். அதிகாரி மவுஸை வாங்கினார். இடப்பக்கம், வலப்பக்கம், ஒரு வட்டம். வாசலில் நின்ற காவலாளியையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பத்து நிமிஷம் துறைமுகத்தின் பாதுகாப்பைக் கடவுள்தான் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அதிகாரி முகத்தை இறுக்கிக்கொண்டார். இனிமேல் கண் திறக்கக் கூடாது. லைனில் கப்பல் மட்டும் போகலாம். இப்படியான ஆள் வெளியே இருப்பதைவிட உள்ளே, தன் பார்வையில் இருப்பதுதான் நல்லது. ஆகவே வெளிக் கந்தோரின் பாஸ் இவருக்கு. சொல்லிக்கொண்டே, மனேஜர் கையோடு கொண்டுவந்திருந்த என் பாரத்தை இழுத்து, என் பெயரை வெட்டப் பேனையை வைத்தார்.

மாஸ்ரர் ஐந்து முறை எழுதிக் கேட்ட பாஸ். கை நீட்டினால் அவருடையது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு வேண்டாம் சேர்," என்றார் மாஸ்ரர். "இஞ்சத்தைக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்தார். ஒரு தும்மலும் தும்மினார். அதிகாரி மனேஜரைப் பார்த்தார். ஆள் அப்படித்தான் என்பது போல மனேஜர் தலையை ஆட்டினார். என் பாரத்தில் கையெழுத்து விழுந்தது.

மத்தியானம் வெளிக் கந்தோருக்கு வந்தேன். அடையாள அட்டை கீபோட்டில் இருக்க, மாஸ்ரர் வேலையில் இருந்தார். திரையில் கண்ணுக்குப் பதிலாக முள் நகரும் ஒரு மணிக்கூடு. பரீதா சாப்பிடப் போயிருந்தா. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆர் எத்தினை மணிக்குக் கை வைச்சது எண்டு அந்த மெஷின் எழுதி வைக்கும் தம்பி," என்றார், திரையைப் பார்த்தபடியே. "ஏழு ஐம்பது. வெள்ளெனவே வந்திருக்கிறியள்."

"பிறகேன் மாஸ்ரர் நீங்கள் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்கடை பாஸெல்லே போயிடும்." கற்கண்டு சுற்றிய கடுதாசிச் சரையை என் பக்கம் தள்ளினார். "நான் உப்புவெளி. எனக்கு ரெண்டு சென்றி. உங்களுக்கு அஞ்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதைவிடக் கூடுதலாகப் பொறாமையாக இருந்தது, ஏனென்றால் அந்த மனிதர் இதிலும் என்னை வென்றுவிட்டார். கற்கண்டை வாங்கி வாயில் போட்டேன்.

மாஸ்ரர் இப்போது தமக்கையோடு கனடாவில். நான் வேலையை விட்டு, திருகோணமலையிலேயே இருக்கிறேன். வீட்டில் ஒரு கொம்பியூட்டர். அது முரண்டு பிடித்தால் அங்கிருந்தபடியே அவர்தான் திறந்து பார்த்துத் திருத்துகிறார். முரண்டு பிடிக்காவிட்டாலும் திறக்கிறார். தினமும் காலையில் என் திரையில் இரண்டு வட்டம் வரும், நான் மவுஸை அசைத்துக் காட்டுவேன், அவை பார்க்கும். தடை போட்ட அதிகாரி எங்கே இருக்கிறாரோ.

போன தை மாதம் அவருடைய தமக்கை போன் எடுத்தா. வெளியே முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்கிறதாம், இந்த மனிதர் மேற்சட்டையைக் கழற்றிப்போட்டு, சாரத்தோடு இருந்து, பத்திரிகையால் விசிறிக்கொண்டிருக்கிறாராம். நான் ஒருக்கால் கேட்க வேண்டுமாம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"என்ன மாஸ்ரர் இது, பனிக்குள்ள?"

"உங்கடை அறையில சரியான வெக்கை தம்பி," என்றார். "இருக்க ஏலாமல் கிடக்கு."

விசரைப் பார் என்று திட்டிவிட்டுப் போனை வைத்தேன். பின்னேரம் கடைக்குப் போய் ஒரு மேசை ஃபான் வாங்கிவந்து, கொம்பியூட்டரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருக்கிறேன்.